வெளுத்த காப்பு

அத்தியாயம் நான்கு

தாராபுரம் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே கிட்டுசாமியின் மூக்கு அவனிடம் ராஜினாமாக் கொடுத்துவிட்டது. நேற்று மத்தியானம் கசிந்த வாயுவின் நெடி இன்று காலையிலும் அந்தத் தெருவை விட்டுப் போகவில்லை. தொண்டையில் பிளீச்சிங் பவுடரை அள்ளிப் போட்டது போல் கரகரத்தது.

"இதுதானுங்களா சார் அந்தக் குளோரின்?" என்று கைக்குட்டைக்குள்ளிருந்து கேட்டான்.

"இது மிச்ச சொச்சம் கிட்டு. அசல் நேத்தே வந்துட்டுப் போயிருச்சு," என்றார் துப்பறியும் அர்த்தநாரி.

"மிச்சமே இந்த லட்சணமுங்களா? நல்ல வேளை, நேத்து எனக்கு வேற வேலை இருந்துச்சு."

"நேத்துப் பூரா நீ தூங்கிட்டிருந்தே."

"அந்த வேலையைத்தானுங்க சார் சொன்னேன்."

அர்த்தநாரி முன்பு கோயமுத்தூரில் ஒரு கல்லூரியின் ரசாயனக் கூடத்தில் மாணவர்களுக்குச் சோதனை செய்து காட்டும் உத்தியோகத்தில் இருந்தவர். ஹைட்ரஜன் எவ்வளவு லேசான வாயு என்று காட்ட ஒரு நாள் அதைப் பலூனில் அடைத்துப் பறக்கவிட்டார். அது ஜன்னல் வழியாக மேலே போனது. மேல்மாடியில் பிரின்ஸிபால் சுருட்டுப் பிடித்துக்கொண்டு நின்றார். பிரின்ஸிபாலுக்கு மீசை போயிற்று, அர்த்தநாரிக்கு வேலை போயிற்று. அதன் பிறகுதான் துப்பறியும் நிலையம் திறந்தார். கிட்டுசாமி அதற்கு முன் பஸ் கண்டக்டர். டிக்கெட் எடுக்காதவன் முகத்தை ஓடுகிற பஸ்ஸிலேயே கண்டுபிடிப்பான் என்பதற்காக அவனைச் சேர்த்துக்கொண்டார். அவன் வாயையும் சேர்த்தே வாங்க வேண்டியிருக்கும் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

அவர்களுக்கு முன்னால் ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தவள் மருதாள். விடியற்காலை முதல் பஸ்ஸில் கோயமுத்தூர் வந்து, மூலனூரிலிருந்து அண்ணன் கொடுத்தனுப்பிய ஒரு கட்டு முருங்கைக்காயை மேஜைமேல் வைத்து, "என்னால முடிஞ்ச பீசு இதுதானுங்க சாமி, எங்கூட்டுக்காரரைக் காப்பாத்துங்க," என்று அழுதவள். அவள் புருஷன் வெள்ளியங்கிரி இந்தச் சலவைப் பட்டறையில் கேஸ் பார்க்கிற ஆள். மேட்டூர்ப் பக்கமிருந்து லாரியில் வரும் குளோரின் சிலிண்டரைத் திறந்து, சுண்ணாம்புத் தண்ணீருக்குள் வாயுவை விட்டு, பனியன் துணி வெளுக்கிற தண்ணீர் தயார் செய்வது அவன் வேலை. அந்தத் தண்ணீரில் யாரும் கை வைப்பதில்லை, துணியை நீளக் கம்பால்தான் புரட்டுவார்கள். நேற்று அந்தச் சிலிண்டர் திறந்துகொண்டது. எல்லாரும் தலைதெறிக்க ஓடினார்கள். திரும்பி வந்து பார்த்தால் முதலாளி அறையில் வைத்திருந்த ஜெர்மன் ஊசிப் பெட்டியைக் காணோம்.

பட்டறை வாசலில் முதலாளி நாச்சிமுத்து நின்றுகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சிவந்த முகம்.

"வாங்க, வாங்க. நானே போலீசுக்குப் போறதாத்தான் இருந்தேனுங்க. இந்தப் பொம்பளை அழுத அழுகைக்குச் சாயங்காலம் வரைக்கும் பொறுத்திருக்கறேன். பொழுது சாயறதுக்குள்ள பெட்டி வரலீன்னா வெள்ளியங்கிரியை ஜீப்புல ஏத்தி உட்டுருவேனுங்க."

"ஊசிதானுங்களே? சந்தையில படி போட்டு விக்கிறாங்க," என்றான் கிட்டுசாமி.

நாச்சிமுத்து அவனைப் பார்த்த பார்வையில் சட்டை பட்டன் தெறிக்காதது ஆச்சரியம். "அது துணி தைக்கிற ஊசி இல்லீங்க தம்பி. பனியன் பின்ற மெஷின் ஊசி. நம்மூர்ல ஆரும் செய்யறதில்லை. லைசென்ஸ் வாங்கி, கப்பல்ல வரவழைச்சு, பெட்டி முந்தாநேத்துத்தான் கையில கெடைச்சுது. நல்லூர்ல என்ற மெஷினெல்லாம் அந்த ஊசிக்காக மாசக்கணக்கா நிக்குதுங்க. நேத்துக் கேட்டைச் சாத்தி ஒவ்வொருத்தனையா தடவிப் பார்த்துத்தான் வெளிய உட்டேன். ஒருத்தன் மடியிலயும் இல்லை."

"வெள்ளியங்கிரி மேல ஏனுங்க சந்தேகம்?" என்று கேட்டார் அர்த்தநாரி.

"சிலிண்டர் தானாத் திறக்குமுங்களா? அதைத் திறக்கிற சாவியைத் திருகத் தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான். எல்லாரும் ஓடுனப்ப உள்ளயே நின்னவனும் அவன்தான்."

"மூடறதுக்கு நின்னேன்னு சொல்றாருங்களே!" என்றாள் மருதாள்.

"எல்லாத் திருடனும் ஏதாச்சும் சொல்லத்தான் செய்வான்."

மருதாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அர்த்தநாரி பட்டறைக்குள் நடந்தார்.

முற்றம் முழுக்கக் கொடி கட்டிப் பனியன் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் சலவைச் சோடாத் தண்ணீரில் துணி வேகவைக்கும் பெரிய கொப்பரைகள், பக்கத்தில் வெந்த துணி ஊறும் தொட்டிகள். கடைசியில் தனியாக ஒரு தகரக் கொட்டகை. அதில்தான் சிலிண்டர். கொட்டகைக்குப் பக்கத்தில், இப்போது யாரும் பயன்படுத்தாத ஓர் ஆழமான பாழ்த்தொட்டி. அதைச் சுற்றிக் கயிறு கட்டி, ஒரு பலகையில் சாக்கட்டியால் "ஆபத்து" என்று எழுதி வைத்திருந்தார்கள்.

"அக்கட்ட போகாதீங்க!" என்று கரகரத்த குரல் ஒன்று அவர்களை நிறுத்தியது. பட்டறை மேஸ்திரி மயில்சாமி. நெற்றி நிறையத் திருநீறு. "அந்தக் குழிக்குள்ள கேஸ் தேங்கி நிக்குதுங்க. மூணு நாளைக்கு எட்டிக்கூடப் பார்க்கக் கூடாதுங்க. மீறிப் போனா நெஞ்சு வெந்து போயிரும்."

"நீங்க எங்க இருந்தீங்க நேத்து?" என்று அர்த்தநாரி கேட்டார்.

"டீக்கடையிலீங்க. சத்தம் கேட்டு ஓடியாந்தேன். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. நான் வாசல் தாண்டி உள்ளயே வரலீங்க. அந்த வாசம்கூட என்ற மேல படலீங்க."

"குரல் கட்டியிருக்குதே?"

"மாரியாத்தா நோம்பியல்லீங்களா! ராத்திரி கம்பத்தைச் சுத்தி ஆடறப்பப் பாடிப் பாடித் தொண்டை போயிருச்சுங்க."

நோம்பி என்கிற அம்மன் திருவிழாவை ஊரில் சாட்டி அறிவித்திருந்தார்கள். பட்டறையே சேர்ந்து போய்க் காப்புக் கட்டியிருந்தது. முதலாளி முதல் துணி பிழிகிறவர்கள் வரை எல்லார் வலது கையிலும் மஞ்சளில் நனைத்த நூல். அதைக் கட்டிவிட்டால் நோம்பி முடியும்வரை அவிழ்க்கக் கூடாது. ஊர் எல்லை தாண்டினால் இரவுக்குள் திரும்பிவிட வேண்டும். அவிழ்த்தவன் வீட்டில் அம்மை இறங்கும் என்று அந்த ஊரில் படித்தவர், படிக்காதவர் எல்லாருமே நம்பினார்கள்.

அர்த்தநாரி கொட்டகை ஓரமாகக் குனிந்து, வேலியாக நின்ற அரளிச் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கால் உயரம்வரை இலையெல்லாம் வெளிறிக் கருகியிருந்தது. அதற்கு மேலே பச்சைப்பசேல் என்று பூத்திருந்தது.

"சார், செடிக்கு வெள்ளை வேட்டி கட்டிவிட்ட மாதிரி இருக்குதுங்க."

"நெருப்புப் புகை மேல போகும் கிட்டு. இது காத்தை விடக் கனமான வாயு, அதனால கீழயே ஊர்ந்து போகும். பள்ளம் கண்டா இறங்கிக்கும். மேஸ்திரி சொன்னது பொய்யில்லை. அந்தக் குழியில தேங்கித்தான் இருக்கும்." கொஞ்சம் நிறுத்தினார். "நேத்து."

அந்தக் கடைசி வார்த்தையை ஏன் தனியாகச் சொன்னார் என்று கிட்டுசாமி கேட்பதற்குள், வெள்ளியங்கிரியைப் பூட்டி வைத்திருந்த நூல் அறைக்கு வந்துவிட்டார்கள்.

வெள்ளியங்கிரி ஒரு நூல் மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நாற்பது வயது ஆள், ஒரே நாளில் அறுபது வயதாகிவிட்டது போல இருந்தான். கண் இரண்டும் கோவைப்பழம். இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் இருமினான்.

"சோத்துக்கு உக்காந்தேனுங்க... நெடி வந்துச்சு. ஈரச் சாக்கை மூஞ்சில சுத்திக்கிட்டு உள்ள போனேனுங்க... சாவி சிலிண்டர் மேலயே மாட்டி இருந்துச்சு. திருகி மூடுனேன். அப்புறம் ஒண்ணும் தெரியலீங்க."

"சாவி எப்பவும் எங்க இருக்கும்?"

"கொட்டகையில ஆணியிலீங்க. ஆரு வேணும்னாலும் எடுக்கலாம்."

மருதாள் சொம்பில் தண்ணீர் நீட்டினாள். அவன் வாங்குவதற்குக் கையை நீட்டியபோது கிட்டுசாமியின் கண்டக்டர் கண் அந்த மணிக்கட்டில் போய் நின்றது. எல்லாரும் கட்டியது மஞ்சள் நூல். இவன் கையில் மட்டும் வெள்ளை நூல்!

"சார்! இவரு காப்பைப் பாருங்க, வெள்ளை வெளேர்னு இருக்குது! துணியை வெளுக்கிற அந்தக் கேஸ்தானுங்களே இதையும் வெளுத்திருக்குது? அப்ப சிலிண்டர்கிட்டக் கையை வெச்சவன் காப்பு வெளுத்திருக்கும்!" என்று தன் கண்டுபிடிப்பின் அழகில் மயங்கிக் கத்தினான்.

சொல்லி முடித்த பிறகுதான் பின்னால் நாச்சிமுத்து நிற்பது தெரிந்தது.

"அப்படிப் போடுங்க தம்பி! கையிலயே சாட்சி வெச்சிருக்கறான்! வேற ஆரு காப்பாச்சும் இப்படி வெளுத்திருக்குதா? நான் டெலிபோன் பண்றேனுங்க."

மருதாள் கிட்டுசாமியை ஏறிட்டுப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். இந்த நாக்கை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் கிட்டுசாமி கூனிக் குறுகிப் போனான்.

"சாயங்காலம் வரைக்கும்னு வாக்குக் கொடுத்திருக்கறீங்க," என்றார் அர்த்தநாரி அமைதியாக. "அது வரைக்கும் டெலிபோனைத் தொடாதீங்க. அதோட, இவரைப் பூட்டி வைக்காம வெளிக்காத்துல உக்கார வைங்க."

நாச்சிமுத்து முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார். வெள்ளியங்கிரியை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போனார்கள். முற்றத்தின் மறுபக்கம் வந்ததும் கிட்டுசாமி, "சார், நான் கெடுத்துட்டேனுங்க," என்றான். அவன் குரலில் வழக்கமான கிண்டல் இல்லை.

"பாதி கெடுத்தே, பாதி கண்டுபிடிச்சே. நீ சொன்னது சரி. சிலிண்டர்ல கை வெச்சவன் காப்பு வெளுக்கும். ஆனா கை வெச்சது ஒருத்தரா, ரெண்டு பேரா?"

கிட்டுசாமி யோசித்தான். "திறந்தவன் ஒருத்தன். மூடுனவரு ஒருத்தர்."

"அப்ப இன்னொரு வெள்ளைக் காப்பு இந்தப் பட்டறையில இருக்கணும். நோம்பி முடியற வரைக்கும் அதை அவிழ்க்கவும் முடியாது. போய்த் தேடு. ஆனா தேடறது தெரியக்கூடாது."

கிட்டுசாமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கால் மணி நேரத்தில் மரத்தடியில் துண்டை விரித்து, கை ரேகை ஜோசியம் சொல்ல ஆரம்பித்துவிட்டான். மத்தியானச் சோற்று வேளை. கூட்டம் சேர்வதற்குக் கேட்கவா வேண்டும்?

"உங்களுக்குக் கல்யாண ரேகை ரெண்டு இருக்குதுங்க."

"எனக்குக் கல்யாணம் ஆகி ஏழு வருசம் ஆச்சு சாமி," என்றான் துணி பிழிகிறவன் ஒருத்தன்.

"அதானுங்க, ஒண்ணு முடிஞ்சுது. ரெண்டாவதை உங்கூட்டுக்காரிகிட்டச் சொல்லாதீங்க. அடுத்த கை!"

கைகள் வந்தன, போயின. ரேகையைப் பார்ப்பது போல் மணிக்கட்டைப் பார்த்தான். கொப்பரைக்காரர்கள், தொட்டிக்காரர்கள், துணி மடிப்பவர்கள், கணக்கெழுதுகிறவர், கடைசியில் முதலாளியேகூட, "எனக்கும் சும்மா ஒருக்காப் பாருங்களேன்," என்று கையை நீட்டினார். மேஸ்திரி மயில்சாமி வரவில்லை. தொட்டியோரம் தன் தம்ளரில் டீ குடித்துக்கொண்டிருந்தவரிடம் கிட்டுசாமியே போய், "புள்ளைகளுக்கு யோகம் எப்படீன்னு பார்த்துருவோமுங்க," என்று கையை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தான்.

திரும்பி வந்தபோது அவன் முகம் தொங்கிப் போயிருந்தது.

"ஒரு வெள்ளைக் காப்புக்கூட இல்லீங்க சார். சோடாவுல வேலை பார்க்கறவங்க காப்பெல்லாம் செக்கச்செவேல்னு இருக்குது. ஆபீஸ்காரரு, மடிக்கறவங்க, முதலாளி காப்பெல்லாம் அழுக்கு மஞ்சள். வெள்ளை ஒண்ணே ஒண்ணு. அது வெள்ளியங்கிரி கையில."

"செவப்பா இருக்குதா? ஏன்?"

"ஆரத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தா எப்படிச் செவக்குதோ, அதே மாதிரிதானுங்க. சோடாத் தண்ணி பட்டா மஞ்சள் செவந்துரும்னு அவங்களே சொல்றாங்க. ஆத்தாளுக்குச் செவப்பு புடிக்கும்னு சந்தோசமா இருக்கறாங்க."

"மேஸ்திரி காப்பு?"

"அவரு பெரிய பக்திமானுங்க சார். பளபளன்னு மஞ்சள். இப்பத்தான் கட்டுனாப்பல, வாசம்கூட அடிக்குது."

அர்த்தநாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் பார்த்தார். அங்கே மயில்சாமி சட்டைக் கையை மடித்துவிட்டு, ஊறுகிற துணி வெந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு பையனை எடுத்துக் காட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கிட்டு, மேஸ்திரி தினமும் என்ன வேலை பார்ப்பாருன்னு கேட்டியா?"

"துணி வெந்துச்சான்னு தொட்டிக்குள்ள கையை உட்டுப் பதம் பார்ப்பாருன்னு..." கிட்டுசாமியின் வாய் பாதியில் நின்றது. தன் வாய் தானாக நின்றது அவனுக்கே புது அனுபவம்.

"போய் எல்லாரையும் கூப்பிடு," என்றார் அர்த்தநாரி. "அப்புறம் வெள்ளியங்கிரிகிட்டக் கேட்டு, கேஸ் கசிவு பார்க்க வெச்சிருக்கற அமோனியா புட்டியும், ஒரு லாந்தரும், ஒரு நீளக் குச்சியும், ஏணியும் கொண்டு வா."

"ஏணி ஆருக்குங்க சார்?"

"உனக்குத்தான்."

முற்றத்தில் பட்டறையே கூடிவிட்டது. வேப்பமரத்தடியில் வெள்ளியங்கிரி இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மருதாள் அவன் முதுகைத் தடவிக்கொண்டே இவர்களைப் பார்த்தாள்.

"முதலாளிங்க ஒரு கேள்வி கேட்டாங்க, வேற ஆரு காப்பாச்சும் வெளுத்திருக்குதான்னு," என்று அர்த்தநாரி தொடங்கினார். "இல்லை. எல்லாரும் தூக்கிக் காட்டுங்க பார்க்கலாம்."

கைகள் எழுந்தன. சிவப்பு, அழுக்கு மஞ்சள், சிவப்பு. நடுவில் மயில்சாமியின் கை, புத்தம்புது மஞ்சளாக.

"நான்தான் சொன்னேனே!" என்றார் நாச்சிமுத்து.

"மேஸ்திரி அண்ணா, ஒரு ஒத்தாசை. அந்தத் தொட்டியில ஆறிப்போன சோடாத் தண்ணியில கிடக்கிற துணியில ஒண்ணை எடுத்துக் கொடுங்க."

மயில்சாமி தயங்கினார். "பசங்க எடுப்பாங்களுங்க."

"தினமும் நீங்கதான் பதம் பார்ப்பீங்களாமே?"

எல்லார் கண்ணும் தன் மேல் இருக்கும்போது எப்படி மறுப்பது? மயில்சாமி கையை விட்டார். துணியை எடுத்தார். எடுத்த கையில் காப்பு நூல், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மஞ்சளிலிருந்து செங்கல் நிறமாகி, குங்குமம்போல் சிவந்து நின்றது. முன்வரிசையில் யாரோ 'அட' என்றார்கள்.

"காப்புக் கட்டுன நாள்ல இருந்து தினமும் இந்தத் தண்ணியில கை வைக்கறீங்க. உங்க கூட வேலை பார்க்கற அத்தனை பேரு காப்பும் எப்பவோ செவந்திருச்சு. உங்களது மட்டும் இந்த நிமிசம் வரைக்கும் மஞ்சளா இருந்தது எப்படீங்க?"

"அது... நேத்து ராத்திரி மறுபடி மஞ்சள்ல நனைச்சுக் கட்டுனேனுங்க. பக்திதான்."

"செவந்த காப்பை ஆராச்சும் மறுபடி நனைச்சாங்களா?" என்று அர்த்தநாரி கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். பல தலைகள் இல்லையென்று ஆடின. "செவந்தா ஆத்தாளுக்குச் சந்தோசம்னு விட்டுருவாங்க. வெளுத்துப் போச்சுன்னாத்தான் நனைக்கத் தோணும். உங்க காப்பு ஏனுங்க வெளுத்துச்சு? நேத்து நீங்க டீக்கடையில இருந்தீங்க. அந்த வாசம்கூட உங்க மேல படலைன்னு நீங்களே சொன்னீங்க."

மயில்சாமியின் நெற்றித் திருநீறு வியர்வையில் கரைந்தது.

கிட்டுசாமியால் பொறுக்க முடியவில்லை. "ஏனுங்க மேஸ்திரி, அத்துத் தூரப் போட்டிருந்தா எங்க சாருக்கு வேலையே இல்லாமப் போயிருக்குமே?"

"காப்பை அறுக்கறதா?" மயில்சாமி பதறிப் போனார். "ஊட்டுல குழந்தைங்க இருக்குதுங்க! ஆத்தா சும்மா உடுவாளா?" சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. உடனே குரலை உயர்த்தினார். "கயித்தைக் காட்டி என்னைத் திருடன்னு சொல்றதா? பெட்டி எங்க? பெட்டியைக் காட்டுங்க பார்ப்போம்!"

"நியாயமான கேள்விங்க. நேத்து ஒருத்தர் மடியிலயும் பெட்டி வெளிய போகலை. காப்புக் கட்டுனவன் நோம்பி முடியாம ஊர் தாண்டித் தங்கி அதை விக்கவும் முடியாது. அதனால பெட்டி இங்கதான் இருக்குது, ஒருத்தரும் எட்டிப் பார்க்காத இடத்துல." அர்த்தநாரி பாழ்த்தொட்டிப் பக்கம் திரும்பினார். "மூணு நாளைக்கு அங்க போகாதீங்கன்னு எல்லாரையும் காவல் காத்துக்கிட்டிருக்கறது நீங்கதானே?"

"அங்க போனா செத்துருவாங்க!"

"நேத்துப் போயிருந்தா செத்திருப்பாங்க. கனமான வாயு அங்கதான் இறங்குச்சு. இன்னைக்கும் இருக்குதான்னு கேட்டுப் பார்த்துருவோம்."

குச்சி முனையில் துணி சுற்றி, அமோனியாவில் நனைத்தார். "குளோரின் இருந்தா இந்தத் துணியைச் சுத்தி வெள்ளைப் புகை கிளம்பும்," என்றார். முதலில் சிலிண்டர் இருந்த கொட்டகை வாசலில் காட்டியபோது லேசாகப் புகைந்தது. குழியின் அடிவரை கொண்டுபோனபோது ஒன்றும் கிளம்பவில்லை. அதன் பிறகு லாந்தரைக் கயிற்றில் கட்டி இறக்கினார். பழைய கிணற்றில் இறங்குமுன் தோட்டக்காரர்கள் செய்கிற அதே வேலை. சுடர் அணையாமல் நின்று எரிந்தது.

"தேங்கியிருந்த வாயுவை அடித்தண்ணி குடிச்சிருச்சு. ஆக்ஸிஜனும் இருக்குது. இறங்கு கிட்டு."

"சார், லாந்தருக்குக் கல்யாணம் ஆகலீங்க. எனக்கு ஆயிருச்சு."

"இறங்குடா."

கிட்டுசாமி மூக்கில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினான். காலையில் தான் கெடுத்த காரியத்துக்கு இந்தக் குழியில் இறங்குவது ஒன்றும் பெரிதில்லை என்று அவனுக்கே பட்டது. கணுக்கால் அளவு சேற்றுத் தண்ணீர். காலால் துழாவினான். தகரம் இடறியது.

"இருக்குதுங்க சார்!" என்று அவன் போட்ட கூச்சலில் கொடியில் உட்கார்ந்திருந்த காக்கைகள் பறந்தன.

மேலே பெட்டி வந்து சேர்ந்தபோது மயில்சாமி தரையில் உட்கார்ந்துவிட்டார். "சொந்தமா ரெண்டு மெஷின் போடணும்னு ஆசைப்பட்டேனுங்க. ஊசி இருந்தா மெஷின் தர்றேன்னு ஒருத்தன் சொன்னான். கேஸைத் திறந்து உட்டா எல்லாரும் ஓடிருவாங்க, பெட்டியை எடுத்துக் குழியில போட்டுட்டு அப்புறம் எடுத்துக்கலாம்னு நெனைச்சேன். வெள்ளியங்கிரி உள்ள போவான்னு நான் நெனைக்கலீங்க."

நாச்சிமுத்து அதைக் கேட்கவே இல்லை. பெட்டி விழுந்த வேகத்தில் மூடி பிளந்திருந்தது. அதைப் பிரித்துத் திறந்தார். எண்ணெய்த் தாளெல்லாம் நனைந்து கிழிந்து கிடந்தது. வெள்ளிபோல் மின்ன வேண்டிய ஊசிகள் ஒன்றோடொன்று ஒட்டி, பழுப்புத் துருவாகி, தொட்டால் விரலில் பொடியாக ஒட்டிக்கொண்டு வந்தன.

"என்னங்க இது? நேத்துத்தானுங்களே விழுந்துச்சு? ஒரு நாள்லயா?"

"ஈரத்தோட அந்த வாயு சேர்ந்தா இரும்பை விட்டு வைக்காதுங்க," என்றார் அர்த்தநாரி. "ஒரு ராத்திரி போதும்."

நாச்சிமுத்து அந்தத் துருப்பிடித்த ஊசிகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கூட்டம் பார்க்கிறது என்றுகூட நினைக்காமல், குழந்தைபோல் விம்மி அழுதார். "போச்சு... எல்லாமே போச்சே... ஜெர்மன் எஃகுங்க..."

வேப்பமரத்தடியில் இருமல் சத்தம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது.

மருதாள் எழுந்து வந்தாள். முதலாளிக்கு முன்னால் நின்று, அந்தப் பெட்டியைக் குனிந்து பார்த்தாள். அவள் குரல் உயரவில்லை, மரியாதையும் குறையவில்லை.

"எஃகு ஊசியே ஒரு ராத்திரியில இப்படி ஆயிருச்சுன்னு அழுவறீங்களே சாமி. இதே காத்தைத்தானுங்க எங்கூட்டுக்காரரு நேத்து நெஞ்சுக்குள்ள இழுத்துக்கிட்டு, உங்க சிலிண்டரை மூடுனாரு."

நாச்சிமுத்து தலை நிமிர்ந்து பார்த்தார். அவர் கையிலிருந்த ஊசிகள் தரையில் சிந்தின. அவற்றை மிதித்துக்கொண்டே வேப்பமரத்தடிக்கு ஓடினார். வெள்ளியங்கிரியின் ஒரு தோளுக்குத் தானே கை கொடுத்துத் தூக்கிக்கொண்டு, "ஆராச்சும் காரை எடுங்கடா! பெரியாஸ்பத்திரிக்குப் போகோணும்!" என்று கத்தினார். மறு தோளுக்குக் கிட்டுசாமி ஏற்கனவே போயிருந்தான்.